கான்கிரீட் மிச்சமான பைல்: மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆழ அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்த பதிவு

கடலூர் மஞ்சக்குப்பத்தில், கெடிலம் ஆற்றங்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, தரைத்தளமும் நான்கு மாடிகளும் கொண்ட ஒரு வணிக வளாகத்துக்காக 64 பைல்கள், அதாவது கட்டடத்தின் சுமையை ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூண்கள், போட்டோம். உரிமையாளர் தரப்பில் தரக்கட்டுப்பாட்டைப் பார்க்கும் பொறியாளராக முதல் பைலிலிருந்து கடைசி பைல் வரை அந்தக் களத்தில் இருந்தேன். அவற்றில் 63 பைல்கள் ஒழுங்காக அமைந்தன. இந்தப் பதிவு மீதமுள்ள ஒன்றைப் பற்றியது. 37ஆம் எண் பைல் ஏன் கெட்டது, கெட்டதை எப்படிக் கண்டுகொண்டோம், மண்ணுக்குள் நான்கரை மீட்டர் ஆழத்தில் இருந்த பழுதை எப்படிச் சரிசெய்தோம் என்பதைக் களக்குறிப்பேட்டிலிருந்தே எழுதுகிறேன்.

முதலில் மண்ணைச் சொல்ல வேண்டும். கேப்பர் மலைப் பக்கம் தோண்டினால் செம்மண்ணும் சரளையும் கலந்த கெட்டியான கடலூர் மணற்பாறை அதிக ஆழமில்லாமலே கிடைத்துவிடும். அங்கிருந்து சில கிலோமீட்டர் ஆற்றை நோக்கி இறங்கினால் நிலம் முற்றிலும் வேறாகிவிடுகிறது. எங்கள் மனையில் முதல் இரண்டு மீட்டர் பழைய கட்டட இடிபாடு கலந்த நிரப்பு மண். அதற்குக் கீழே 5.2 மீட்டர் வரை பொலபொலவென்ற மணல். அதற்கும் கீழே 13 மீட்டர் வரை சிப்பித் துணுக்குகள் கலந்த சாம்பல் நிறக் களிமண். 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடிகள் ஆகின்றன என்று எண்ணும் எஸ்பிடி சோதனையில் மேல் மணலுக்கு 6 முதல் 9 அடிகளும் களிமண்ணுக்கு 2 முதல் 4 அடிகளும் மட்டுமே தேவைப்பட்டன. 18 மீட்டருக்குக் கீழேதான் 50 அடிகளைத் தாண்டிய இறுக்கமான மணல் கிடைத்தது. இப்படிப்பட்ட நிலத்தில் சாதாரணக் கடைக்கால் போட்டால், மேலே மணலில் நிற்பதுபோலத் தெரிந்தாலும் கீழேயுள்ள களிமண் ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே 600 மி.மீ. விட்டமும் 22 மீட்டர் ஆழமும் கொண்ட பைல், ஒவ்வொன்றுக்கும் 80 டன் பாதுகாப்புச் சுமை என்று வடிவமைப்பாளர் முடிவு செய்தார்.

முன்வார்ப்பு பைல்களைச் சம்மட்டியால் அடித்து இறக்கும் முறையும் ஒரு கட்டத்தில் பேசப்பட்டது. அப்படி இறக்கினால் மண் வெளியே எடுக்கப்படாமல் பக்கவாட்டில் நெருக்கப்படுவதால் பொல மணல் இறுகும் என்ற நன்மை உண்மையிலேயே உண்டு. ஆனால் எங்கள் கிழக்கு மதிலை ஒட்டிச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடு ஒன்றும், அதற்கு அப்பால் அதே வயதுள்ள இன்னும் இரண்டு வீடுகளும் இருந்தன. ஒவ்வொரு அடியின் அதிர்வும் அந்தச் சுவர்களுக்குப் போய்ச் சேரும். ஆகவே ஹைட்ராலிக் ரிக் கொண்டு துளையிட்டு, துளை சரியாமல் இருக்கப் பென்டோனைட் என்ற நுண்களிமண்ணைக் கரைத்த குழம்பை நிரப்பி, கம்பிக்கூட்டை இறக்கி, டிரெமி குழாய் வழியாக அடியிலிருந்து மேல்நோக்கிக் கான்கிரீட் போடும் முறையையே எடுத்துக்கொண்டோம்.

பென்டோனைட் துளையைத் தாங்கி நிற்பதற்குக் காரணம் அதன் கெட்டித்தன்மை என்றே களத்தில் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் குழம்பின் அடர்த்தி 1.06. தண்ணீரைவிட நூற்றுக்கு ஆறு பங்குதான் கூடுதல். குழம்பு எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்க்கும் மார்ஷ் புனலில் ஊற்றினால் 946 மில்லிலிட்டர் வெளியேறத் தண்ணீருக்கு 26 விநாடிகளும் எங்கள் குழம்புக்கு 38 விநாடிகளும் ஆயின. இந்தச் சிறு வித்தியாசம் மட்டும் ஒரு மணற்சுவரை நிறுத்திவிடாது. துளைக்குள் குழம்பின் மட்டம் வெளியே உள்ள நிலத்தடி நீர்மட்டத்தைவிட உயரமாக இருப்பதால்தான் குழம்பு மணலை நோக்கித் தள்ளுகிறது, சுவரில் மெல்லிய படலமாகப் படிகிறது, அந்தப் படலத்தின்மேல் அழுத்தம் நிற்கிறது. மட்டம் இறங்கினால் அடர்த்தி எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. அந்த உயர வித்தியாசம் குறைந்தது ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டும் என்பதை எங்கள் பணிக்கு விதியாகவே எழுதி வைத்திருந்தோம். வேலை தொடங்கிய புரட்டாசியில் நீர்மட்டம் தரைக்கு 1.8 மீட்டர் கீழே இருந்ததால் அந்த விதி தானாகவே நிறைவேறிக்கொண்டிருந்தது.

கான்கிரீட் போடும்போது பைலுக்குள் என்ன நடக்கிறது என்பதை யாரும் பார்க்க முடியாது. மேலே டிரெமி குழாயின் வாயிலுள்ள ஹாப்பரில் கொட்டுவதும், குழம்பு வழிந்து வாய்க்காலில் ஓடுவதும்தான் கண்ணுக்குத் தெரியும். உள்ளே நடப்பதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி தூக்குக்குண்டு கட்டிய டேப். 600 மி.மீ. பைலின் குறுக்குவெட்டுப் பரப்பு 0.283 சதுர மீட்டர் என்பதால், ஒரு கன மீட்டர் கான்கிரீட் உள்ளே போனால் அதன் மட்டம் ஏறத்தாழ 3.5 மீட்டர் உயர வேண்டும். குண்டை இறக்கி மட்டத்தை அளந்து, போட்ட கான்கிரீட்டின் அளவோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தால், எந்த ஆழத்தில் துளை அகன்றிருக்கிறது, எந்த ஆழத்தில் குறுகியிருக்கிறது என்று ஒரு கோட்டுப்படம் கிடைக்கும். முதல் வாரத்தில் முடிச்சுப் போட்ட நைலான் கயிற்றால் அளந்தார்கள். ஒருநாள் அதை ஸ்டீல் டேப்புக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தபோது, நனைந்து குண்டின் இழுப்பில் நீண்டுபோன கயிறு 20 மீட்டருக்கு 35 சென்டிமீட்டர் பொய் சொல்வது தெரிந்தது. அன்றே கயிற்றை ஒதுக்கிவிட்டு, ஒன்றரைக் கிலோ எடையுள்ள தட்டையான அடிப்புறம் கொண்ட குண்டை ஸ்டீல் டேப்பில் கட்டச் செய்தேன். குண்டின் அடி கூராக இருந்தால் அது கான்கிரீட்டுக்குள் புதைந்துவிடும். தட்டையாக இருந்தால் கையில் ஒரு மெத்தென்ற நிறுத்தம் தெரியும், ஜல்லியின் உரசலும் டேப் வழியாக ஏறி வரும். கை பழகிவிட்டால் கான்கிரீட்டின்மேல் குண்டு உட்காருவதற்கும் மணலின்மேல் உட்காருவதற்கும் வேறுபாடு சொல்ல முடியும். அந்தப் பழக்கம் எனக்கு 37ஆம் பைலுக்குப் பிறகுதான் வந்தது.

ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் அடைமழை பெய்தது. நான்காம் நாள் காலை மழை விட்டதும், ஏற்கெனவே தோண்டி முடித்திருந்த 37ஆம் துளையில் அன்றைக்கே கான்கிரீட் போட முடிவானது. மனையின் ஓரத்தில் இருந்த அளவுக்குழாயில் நிலத்தடி நீர் தரைக்கு அரை மீட்டர் கீழே வரை ஏறியிருந்ததைக் காலை எட்டு மணிக்கு நானே அளந்து குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். எழுதியதோடு நின்றுவிட்டேன் என்பதுதான் என் பிழை. அந்த எண்ணை வைத்து ஒரு நிமிடம் கணக்குப் போட்டிருந்தால் வேலையை நிறுத்தியிருப்பேன். ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டிய உயர வித்தியாசம் அன்று அரை மீட்டராகச் சுருங்கியிருந்தது. துளையின் மேல்பகுதி சரியாமல் இருக்க இறக்கும் எங்கள் கேசிங் குழாயின் நீளமோ மூன்று மீட்டர்தான். அதாவது மூன்று மீட்டருக்கும் 5.2 மீட்டருக்கும் இடையே உள்ள பொல மணல் பென்டோனைட்டை மட்டுமே நம்பி நின்றது.

கம்பிக்கூடு எட்டு 16 மி.மீ. கம்பிகளுடன், கம்பிக்கு வெளியே கான்கிரீட்டுக்கு இடம் விடும் 75 மி.மீ. கவர் கட்டைகளுடன் ஒழுங்காக இறங்கியது. அடியைக் கழுவி எடுத்த குழம்பின் அடர்த்தி 1.10 இருந்தது. ரெடிமிக்ஸ் வண்டி நான்கு கன மீட்டர் எம் 35 தரக் கான்கிரீட்டோடு வந்தது, அதன் இளக்கத்தைக் காட்டும் ஸ்லம்ப் 170 மி.மீ. இருந்தது. நான்கு கன மீட்டரும் போன பிறகு, கணக்குப்படி மட்டம் 7.9 மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும், அளவில் 8.2 வந்தது. துளை கொஞ்சம் அகன்றிருந்தால் இப்படித்தான் இருக்கும், கவலைப்பட ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு இரண்டாம் வண்டி வரவில்லை. மழையில் பள்ளமான சாலையும் நெரிசலும் சேர்ந்து 50 நிமிடங்கள் காத்திருந்தோம். அந்த இடைவெளியில், பக்கத்தில் ரிக் தோண்டிக்கொண்டிருந்த அடுத்த துளையில் குழம்பு குறைகிறது என்று, பம்ப் பார்க்கும் தம்பி 37ஆம் துளையின் மேல்பகுதியிலிருந்து உறிஞ்சி அங்கே அனுப்பியிருக்கிறார். எப்படியும் வழிந்து வெளியே வரப்போகும் குழம்புதானே என்று அவர் நினைத்ததில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பிறகு கேட்டபோது மறைக்காமல் சொன்னார். கேசிங்கின் உள்சுவரில் படிந்திருந்த சேற்றுக்கோடு குழம்பு தரைக்கு 1.1 மீட்டர் கீழே வரை இறங்கியதைக் காட்டியது.

நான்கு மீட்டர் ஆழத்தில் அந்த நேரம் என்ன அழுத்தம் இருந்தது என்று அன்றிரவு கணக்கிட்டேன். வெளியே நீர் அரை மீட்டரில் நின்றதால் அங்கே மூன்றரை மீட்டர் உயர நீரின் அழுத்தம். உள்ளே 2.9 மீட்டர் உயரக் குழம்பு, அதை 1.06ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3.1 மீட்டர். ஆக, உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டிய அழுத்தம் திசை மாறி வெளியிலிருந்து உள்ளே தள்ளியது. புரட்டாசியில் இதே ஆழத்தில் உள்ளே இரண்டு மீட்டர் உபரியாக இருந்தது.

இரண்டாம் வண்டி வந்ததும் எல்லாரும் அவசரப்பட்டோம். காத்திருப்புக்குப் பிறகு மட்டத்தை மறுபடி அளக்காமலே ஹாப்பரில் ஊற்றத் தொடங்கினோம். ஒரு கன மீட்டர் போனதும் குண்டை இறக்கினேன். 8.2இலிருந்து 4.7 வரை வந்திருக்க வேண்டிய மட்டம் 3.9இல் இருந்தது. மூன்றரை மீட்டர் ஏற வேண்டியது 4.3 மீட்டர் ஏறியிருந்தது. அளவு தவறோ என்று இருமுறை இறக்கினேன், அதே எண். அதன்பின் தரைக்கு 0.6 மீட்டர் கீழே வரை நிரப்ப 0.95 கன மீட்டர் போதுமாக இருந்தது. மொத்தம் 6.05 பிடிக்க வேண்டிய துளை 5.95 கன மீட்டரில் நிறைந்துவிட்டது. அதற்கு முந்தைய 36 பைல்களும் கணக்கைவிட நூற்றுக்கு ஆறு முதல் ஒன்பது பங்கு கூடுதலாகவே பிடித்திருந்தன.

"சார், இந்தப் பைல்லதான் ஒரு கன மீட்டருக்கு மேல மிச்சம். துளை சுத்தமா நின்னிருக்கு பாருங்க" என்றார் மேஸ்திரி. கூடுதல் கான்கிரீட்டின் செலவு ஒப்பந்ததாரரின் தலையில் விழுவதால், மிச்சம் என்ற சொல் களத்தில் நல்ல செய்தியாகவே கேட்கப்படுகிறது. கூடுதலாகப் பிடித்தால் துளை அகன்றிருக்கிறது, பைல் பருத்திருக்கிறது, பணம் போகிறதே தவிரப் பைலுக்குப் பெரும்பாலும் கேடில்லை. குறைவாகப் பிடித்தால் கான்கிரீட் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது என்று பொருள். அந்த 4.3 மீட்டர் நீளத்துக்குள் ஏறத்தாழ 0.22 கன மீட்டர் இடத்தை மணல் பிடித்திருக்கிறது. பாண்டில் அள்ளினால் பன்னிரண்டு, பதின்மூன்று பாண்டு வரும். மணல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடையும் காலடியிலேயே கிடைத்தது. கேசிங்கைச் சுற்றி ஆற்றுப் பக்கமாகத் தரை ஒரு சாண் இறங்கியிருந்தது. யாரோ அதில் கிராவலைக் கொட்டி மிதித்து விட்டிருந்தார்கள்.

அன்று மாலையே இந்த எண்களை வைத்துக் கடிதம் எழுதினேன். ரிக் களத்தில் இருக்கும்போதே மாற்று பைல் போட்டுவிடலாம் என்று கேட்டேன். பைல் உள்ளே பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ஒருமைப்பாட்டுச் சோதனை முடிந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று பதில் வந்தது. அந்தச் சோதனைக்குக் கான்கிரீட் குறைந்தது 14 நாள் முதிர வேண்டும், பைல் தலையைக் கட் ஆஃப் மட்டம் வரை, அதாவது பைல் இறுதியில் முடிய வேண்டிய மட்டம் வரை, உடைத்து நல்ல கான்கிரீட்டை வெளிக்கொணர வேண்டும். கட் ஆஃப் மட்டமோ தரைக்கு ஒன்றரை மீட்டர் கீழே, கார்த்திகை முழுவதும் அந்தக் குழிகளில் தண்ணீர் நின்றது. ஆகவே தை மாதம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் மீதி 27 பைல்களும் முடிந்து ரிக் வேறு களத்துக்குப் போய்விட்டது. அந்த 27 பைல்களுக்கு மட்டும் நான் கேட்டது அப்படியே கிடைத்தது. கேப்பர் மலைக் கிராவலைக் கொட்டி வேலைத்தளத்தை ஒரு மீட்டர் உயர்த்தினோம். மூன்று மீட்டர் கேசிங்குக்குப் பதிலாக ஏழு மீட்டர் கேசிங் கொண்டுவந்து அதன் அடியைக் களிமண்ணுக்குள் பதித்தோம். இரண்டு வண்டிகளும் களத்துக்கு வந்து சேர்ந்த பிறகே ஹாப்பரைத் திறந்தோம். அந்த மழைக்காலத்தில் அதற்குமேல் ஒரு துளையும் சரியவில்லை.

தையில் 64 பைல்களுக்கும் சோதனை நடந்தது. பைல் தலையில் ஒரு சிறு உணர்வியை ஒட்டி, கைச்சுத்தியலால் தட்டினால், அதிர்வலை பைலின் அடிவரை ஓடித் திரும்பி வரும். அலை கான்கிரீட்டில் விநாடிக்கு 3,800 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொண்டால், 20.5 மீட்டர் நீளமுள்ள பைலின் அடியிலிருந்து எதிரொலி 10.8 மில்லிவிநாடியில் திரும்ப வேண்டும். மற்ற பைல்களின் வரைகோடுகள் நடுவில் அமைதியாகப் போய் அந்த நேரத்தையொட்டி ஒரு மேடு காட்டின. 37ஆம் பைலில் 1.5 மில்லிவிநாடியிலேயே ஒரு பெரிய மேடு எழுந்தது. கணக்கிட்டால் தலையிலிருந்து 2.9 மீட்டர், அதாவது தரையிலிருந்து 4.4 மீட்டர் ஆழம். அடியின் எதிரொலி தெரியவே இல்லை. நான் எழுதிய கடிதத்தில் சந்தேகத்துக்குரிய இடமாகக் குறித்திருந்தது 8.2 மீட்டருக்கும் 3.9 மீட்டருக்கும் இடைப்பட்ட பகுதியை.

மாற்று பைல் போடலாம் என்று அப்போது எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அது மூலைத் தூண். பைலின் மையத்திலிருந்து கிழக்கு மதில் 1.3 மீட்டர். புதிய பைலை உட்புறம் மட்டுமே போட முடியும், அப்படிப் போட்டால் தூணின் சுமை, பைல் தலைமேல் தூணைத் தாங்கும் கான்கிரீட் கட்டையான பைல் கேப்பின் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். அதோடு, ஒரே ஒரு பைலுக்காக ரிக்கைத் திரும்ப அழைக்கும் செலவும் பெரிது. நான் வேறொன்று கேட்டேன். பழுது 4.4 மீட்டரில் இருக்கிறது, களிமண் 5.2இல் தொடங்குகிறது, அதற்குமேல் உள்ளதெல்லாம் மணல். இந்த மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக மணலில் உறை இறக்கிக் கிணறு தோண்டுகிறார்கள். பைலை நடுவில் வைத்து அதைச் சுற்றி உறை இறக்கினால் என்ன? வடிவமைப்பாளர் இரண்டு நாள் கணக்குப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சுவரில் நாள்தோறும் மட்டம் அளக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

பங்குனியில், நீர்மட்டம் 2.2 மீட்டருக்கு இறங்கிய பிறகு தொடங்கினோம். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து உறை இறக்கும் பெரியவர் ஒருவர் தம் இரண்டு மகன்களோடு வந்தார். ஒன்றரை மீட்டர் உள்விட்டமும் 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட கான்கிரீட் உறைகள் 13 வாங்கினோம். பைலுக்கும் உறைக்கும் இடையே கிடைப்பது 45 சென்டிமீட்டர், ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து மண் அள்ள மட்டுமே இடம். நான் உறைக்குள்ளேயே மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைக்கலாம் என்று நினைத்திருந்தேன். பெரியவர் தலையை அசைத்தார். "உள்ள இறைச்சா மணலும் சேந்து வரும் தம்பி. பக்கத்து வீட்டு அடிமண்ணத்தான் நாம வாரி வெளிய போடுவோம். தண்ணிய வெளிய நிறுத்தணும்" என்றார். அவர் சொன்னபடியே உறையைச் சுற்றி, மணலை விட்டு நீரை மட்டும் உறிஞ்சும் ஆறு ஃபில்டர் பாயிண்ட் குழாய்களை ஐந்து மீட்டர் வரை இறக்கி, எல்லாவற்றையும் ஒரே மோட்டாரில் இணைத்து, மூன்று நாள் இரவும் பகலும் இறைத்தோம். மணல் ஈரமாக, ஆனால் நீர் ஓடாமல் நின்றது. அதன் பிறகே முதல் உறையின் அடியில் மண் பறிக்கப்பட்டது. மின்சாரம் நின்றால் மணல் கிளம்பிவிடும் என்பதால் ஜெனரேட்டரை ஓடவிட்டே வைத்திருந்தோம். இறங்குபவர் இடுப்பில் கயிறு இல்லாமலும், மேலே ஆள் இல்லாமலும் யாரும் ஓர் அடிகூட இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் அடி உறையின் விளிம்பு களிமண்ணில் உட்கார்ந்தது, பைல் களிமண் வரை கண்முன் நின்றது. நானும் ஏணியில் இறங்கினேன். மேலே மூன்று மீட்டர் ஆழம் வரை பைல் நல்ல சாம்பல் நிறத்தில், சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலித்தது. அதற்குக் கீழே ஒலி மங்கியது. மேற்பரப்பு சொரசொரப்பாகி ஜல்லிகளுக்கு நடுவே சாந்துக்குப் பதிலாக மணல் தெரிந்தது. 4.1 மீட்டரிலிருந்து 4.7 வரை, ஆற்றைப் பார்த்த பக்கத்தில், பிறைவடிவில் ஒரு பொந்து. உள்ளே ஈர மணலும், விரலால் தொட்டால் பாகுபோல நடுங்கும் பென்டோனைட்டும் அடைத்திருந்தன. ஸ்டீல் ஸ்கேலை உள்ளே விட்டேன், 22 சென்டிமீட்டர் போனது. எட்டுக் கம்பிகளில் மூன்று வெறுமையாக நின்றன. ஒரு கவர் கட்டை, தான் காக்க வேண்டிய கான்கிரீட் இல்லாமல், கட்டுக்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து மாதத்தில் அந்தக் கம்பிகளில் செந்துரு படர ஆரம்பித்திருந்தது. உப்பனாறும் கடலும் பக்கத்தில் இருக்கும் ஊரில், உப்பு கலந்த நிலத்தடி நீருக்கு நடுவே, அந்த மூன்று கம்பிகள் இன்னும் பத்தாண்டுகளில் என்னவாகியிருக்கும் என்று அங்கே நின்றபடியே நினைத்துப் பார்த்தேன்.

மேஸ்திரியையும் பம்ப் பார்த்த தம்பியையும் ஒப்பந்ததாரரின் பொறியாளரையும் ஒவ்வொருவராக இறங்கிப் பார்க்கச் சொன்னேன். குற்றம் சொல்வதற்காக அழைக்கவில்லை. எண்ணாக மட்டும் தெரிந்த ஒன்றைக் கையால் தொட்டுப் பார்த்தால் அடுத்த களத்தில் அவர்களே நிறுத்துவார்கள் என்று நம்பினேன். மேஸ்திரி மேலே வந்ததும் தொங்கிய கவர் கட்டையை அவிழ்த்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

பழுதுபார்ப்பு அதற்குப் பிறகு நேரான வேலைதான். பைலை மேலிருந்து 4.9 மீட்டர் ஆழம் வரை, அதாவது பொந்துக்குக் கீழே ஒலி தெளிவாகும் இடம் வரை, சிறு பிரேக்கரால் உடைத்தெடுத்தோம், கம்பிகளை மட்டும் வெட்டாமல் விட்டோம். கம்பிகளின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வளைந்தவற்றை நேராக்கி, உடைந்த வளையங்களுக்குப் புது வளையங்கள் கட்டினோம். அடிக் கான்கிரீட்டின் முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, ஈரம் காயாமல் சிமெண்டுப் பால் தடவினோம். இரண்டு பாதிகளாகச் செய்த 600 மி.மீ. இரும்பு ஷட்டரைச் சுற்றிப் பூட்டி, அதே எம் 35 கான்கிரீட்டை வைப்ரேட்டர் போட்டுக் கட் ஆஃப் மட்டம் வரை நிரப்பினோம். தண்ணீருக்குள் இல்லாமல் கண்ணால் பார்த்துக்கொண்டே போட்டதால், 64 பைல்களில் மேற்பகுதி மிகச் சிறப்பாக அமைந்தது இந்த ஒன்றில்தான் என்று சொல்லலாம். ஏழு நாள் கழித்து ஷட்டரைக் கழற்றி, பைலுக்கும் உறைக்கும் நடுவே மெலிந்த கான்கிரீட்டை நிரப்பினோம். உறைகள் அங்கேயே இருக்கின்றன. ஃபில்டர் பாயிண்ட்களை ஒவ்வொன்றாக, ஒரு நாளுக்கு ஒன்று வீதம் நிறுத்தி நீர்மட்டத்தை மெல்ல ஏறவிட்டோம். பக்கத்து வீட்டுச் சுவரில் பதித்த குறிகள் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு மில்லிமீட்டருக்குமேல் நகரவில்லை. அந்த வீட்டு அம்மா நாள்தோறும் காலையில் நாங்கள் அளக்கும்போது அருகில் வந்து நின்று, எண்ணைக் கேட்டுத் தம் காலண்டரில் குறித்துக்கொண்டார்.

சித்திரைக் கடைசியில் மறுபடி அலைச்சோதனை செய்தோம். 2.9 மீட்டரில் இருந்த மேடு மறைந்திருந்தது. இணைப்பு முகத்தில், 3.4 மீட்டர் அளவில், மிகச் சிறிய அசைவு ஒன்று தெரிந்தது. அடியின் எதிரொலி 10.9 மில்லிவிநாடியில் வந்தது. வடிவமைப்பாளர் அதோடு விடவில்லை. வழக்கமான சுமைச் சோதனைக்கு இந்தப் பைலையே எடுக்கச் சொன்னார், நானும் அதைத்தான் கேட்க இருந்தேன். 80 டன் பைலுக்கு ஒன்றரை மடங்கு, 120 டன் ஏற்ற வேண்டும். மேலே அடுக்கும் எடை அதைவிட நூற்றுக்கு 25 பங்கு கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால், மேடை போட்டு 150 டன்னுக்கு மணல் மூட்டைகளும் கான்கிரீட் கட்டைகளும் அடுக்கினோம். அமுங்கலை அளக்க நான்கு டயல் கேஜ்கள், ஒவ்வொன்றும் 0.01 மி.மீ. காட்டக்கூடியவை. அவற்றைத் தாங்கும் சட்டத்தின்மேல் வெயில் பட்டால் இரும்பு விரிந்து அளவு பொய்யாகும் என்பதால் தார்ப்பாய்ப் பந்தல் போட்டோம். 16 டன் வீதமும் கடைசிப் படியில் 8 டன்னும் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அமுங்கல் அடங்கும்வரை நிறுத்தி, பிற்பகல் மூன்று மணிக்கு 120 டன்னைத் தொட்டோம். அதை 24 மணி நேரம் வைத்திருந்தோம்.

மறுநாள் மூன்று மணிக்கு நான்கு கேஜ்களின் சராசரி 5.64 மி.மீ. இருந்தது. இந்தச் சோதனைக்கு நிர்ணயித்திருந்த எல்லை 12 மி.மீ. சுமையை இறக்கியதும் பைல் 3.72 மி.மீ. மேலே எழும்பி, 1.92 மி.மீ. நிலையான இறக்கத்தில் நின்றது. கேஜ்களைக் கழற்றுவதற்கு முன்பே மேஸ்திரி கம்பி கட்டுபவர்களை அழைத்து, அந்த மூலையின் பைல் கேப்புக்கு அடிக்கம்பி பரப்பச் சொல்லிவிட்டார்.